இரு பக்கமும் அடிபடும் நிறை

பொருள்கள் ஏன் கீழே விழுகின்றன என்று கேட்டால், புவியீர்ப்பு விசை இழுப்பதால் என்று யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். விடை தவறில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நம் ஆர்வமும் அடங்கிவிடுகிறது என்பதும், இந்தப் பாடத்திலேயே மிகவும் வியப்பான இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டாமலே கடந்துவிடுகிறோம் என்பதும் என்னுடைய நெடுநாள் வருத்தம்.

காற்றின் தடை இல்லையென்றால் கனமான பொருளும் இலேசான பொருளும் ஒன்றாகவே விழும் என்பதற்கு வகுப்பில் எனக்குக் கிடைத்த விளக்கம் ஒரே வரிதான். புவி இழுக்கும் விசை பொருளின் நிறைக்கேற்பக் கூடும். எந்த விசையும் நிறையை முடுக்கத்தால், அதாவது வேகம் மாறும் வீதத்தால், பெருக்கிய அளவுக்குச் சமம். எனவே சமன்பாட்டின் இரு பக்கத்திலும் உள்ள நிறையை அடித்துவிட்டால், விழும் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது என்பது மட்டும் மிஞ்சும். நானும் மறுபேச்சின்றி அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். நான் அடித்த அந்த இரண்டும் ஒன்றல்ல என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின.

ஒரு பக்கத்தில் இருப்பது, புவியின் ஈர்ப்புக்கு ஒரு பொருள் எந்த அளவுக்கு ஆட்படும் என்பதைக் குறிக்கும் ஈர்ப்பு நிறை. மறுபக்கத்தில் இருப்பது, யார் தள்ளினாலும் எது இழுத்தாலும் தன் நிலையிலிருந்து மாற மறுக்கும் பிடிவாதத்தைக் குறிக்கும் நிலைம நிறை. இவை சமமாக இருந்தே தீர வேண்டும் என்று நியூட்டனின் விதிகளில் எந்தக் கட்டாயமும் இல்லை. மின்விசையைப் பாருங்கள்: எலெக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் மின்னூட்டத்தின் அளவு ஒன்றுதான், ஆகவே ஒரே மின்புலத்தில் இரண்டின் மீதும் ஒரே அளவு விசைதான் செயல்படுகிறது, ஆனால் புரோட்டானின் நிறை ஏறத்தாழ 1836 மடங்கு என்பதால் அதன் முடுக்கம் அத்தனை மடங்கு குறைந்துபோகிறது. அங்கே எதுவும் அடிபடுவதில்லை. ஈர்ப்பில் மட்டும், பத்து மடங்கு கனமான கல்லைப் புவி பத்து மடங்கு வலுவாக இழுக்க, அந்தக் கல்லும் மிகச் சரியாகப் பத்து மடங்கு முரண்டு பிடிக்கிறது.

நியூட்டன் இதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகியவற்றைச் சம எடையில் எடுத்து ஊசல்களில் ஆட்டிப் பார்த்து, ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும் என்று 1687-இல் வெளியான தம் நூலில் எழுதினார். கோதுமையையும் பொன்னையும் ஒரே கேள்விக்கு உட்படுத்திய அந்தப் பொறுமை என்னை எப்போதும் நெகிழ வைக்கிறது. 1971-இல் அமெரிக்க விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டு, அவை ஒன்றாகவே தரை தொடுவதைக் காட்டினார். 2016-இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்னும் பிரெஞ்சுச் செயற்கைக்கோள், பிளாட்டினக் கலவையையும் டைட்டானியக் கலவையையும் ஒப்பிட்டு, பத்துக் கோடி கோடியில் சில பங்கு என்ற நுட்பம்வரை சென்றும் வேறுபாடு எதையும் காணவில்லை. இத்தனை பேர் இவ்வளவு காலம் சோதித்துவரும் ஒன்றை நாம் கரும்பலகையில் ஒரு கோட்டால் அடித்துவிடுகிறோம். அந்தக் கோட்டை இழுக்கும் முன், இவை இரண்டும் ஏன் சமமாக இருக்கின்றன என்று ஆசிரியர்கள் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அமைதியாக நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்தச் சமத்துவத்தைத் தற்செயல் என்று விட்டுவிட ஐன்ஸ்டைனுக்கு மனம் வரவில்லை. விழுந்துகொண்டிருக்கும் மனிதர் தம் எடையை உணரமாட்டார் என்று 1907-இல் அவருக்குத் தோன்றிய எண்ணம், 1915-இல் பொதுச் சார்பியல் கோட்பாடாக முழுமை பெற்றது. அதன்படி, விழும் பொருளை எதுவும் இழுக்கவில்லை. காலமும் இடமும் ஒன்றாக இணைந்ததே காலவெளி; புவியின் நிறையால் வளைந்த அந்தக் காலவெளியில் அது தனக்கு மிக நேரான பாதையில் செல்கிறது. பாதை பொருளுக்குச் சொந்தமன்று என்பதால், இறகுக்கும் சுத்தியலுக்கும் அது ஒன்றே. விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் மிதப்பதும் இதனால்தான்: 400 கிலோமீட்டர் உயரத்திலும் தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு இருக்கிறது, ஆனால் நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கைப்பேசியில் உள்ள, முடுக்கத்தை அளக்கும் சிறு கருவியான முடுக்கமானிகூட இதையே சொல்கிறது. மேசைமேல் அசையாமல் கிடக்கும்போது, மேசை தன்னை மேல்நோக்கித் தள்ளுவதை உணர்ந்து அது 9.8 என்று காட்டும். கைதவறி விழும் கணத்தில் அந்த எண் சுழியத்துக்கு அருகில் வந்துவிடும்.