அது வெறிபிடித்த யானை இல்லை, குட்டியோடு வந்த தாய்

அந்த வீடியோவை இனியும் எனக்கு அனுப்ப வேண்டாம். உள்பெட்டி நிறைய அதுதான் கிடக்கிறது. பார்த்துவிட்டேன். "வன்னியில் வெறிபிடித்த யானையின் அட்டகாசம்" என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு, பின்னால் பயமுறுத்துகிற இசை, கீழே "சுட்டுத் தள்ளுங்கள்" என்று வரிசையாகக் கொமெண்ட். அதில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். சிறுவயதில் என்னோடு குளத்தில் குளித்தவர்களும் இருக்கிறார்கள்.

அது வெறிபிடித்த யானை இல்லை. குட்டியோடு வந்த தாய்.

அந்த இணையப் பக்கம் போட்டது வெட்டிய வீடியோ. யானை ஓடி வருகிற இடத்திலிருந்துதான் அது தொடங்குகிறது. வெட்டாதது எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, பார்த்தவர்களுக்குத் தெரியும். பொழுதுபடுகிற நேரம். தாய் வீதியைக் கடந்து மறுபக்கப் பற்றைக்குள் இறங்கிவிட்டது. கூட வந்த இன்னொரு பெண் யானையும் இறங்கிவிட்டது. குட்டி மட்டும் தார் வீதியின் நடுவில் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள்களும் ஒரு ஓட்டோவும் குட்டிக்கும் தாய்க்கும் இடையில் வந்து நிற்கின்றன. ஒருவர் விடாமல் ஹோன் அடிக்கிறார். ஒரு தம்பி பிஸ்கற் பைக்கெற்றை நீட்டிக்கொண்டு கிட்டப் போகிறார். இன்னொருவர் குட்டியின் முதுகில் கை வைத்துக்கொண்டு படம் எடுக்கச் சொல்கிறார். குட்டி கத்துகிறது. அதற்குப் பிறகுதான் தாய் வருகிறது.

தாய் முதலில் அடிக்கவும் இல்லை. காதை விரித்துக்கொண்டு பாதி தூரம் ஓடி வந்து நின்றது. தலையை ஆட்டியது. காட்டோரம் வளர்ந்த எவருக்கும் அது என்ன என்று தெரியும். "விலகு" என்கிறது. விலகவில்லை. சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. இரண்டாம் தரம் வந்தபோதுதான் மோட்டார் சைக்கிள் நொறுங்கியது, அந்தத் தம்பியின் கால் முறிந்தது. அவர் சுகமாகி வரவேண்டும் என்று நானும் நேர்ந்திருக்கிறேன். அவருடைய தாயாரை எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீடியோவை வெட்டி, முன்பாதியை மறைத்து, தாயைக் கொலைகாரி ஆக்கியவர்கள் மேல்தான் கோபம்.

அந்தக் குட்டிக்கு ஒரு வயதுகூட ஆகியிராது. தாயின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து போகிற உயரம்தான். அந்த வயதுக் குட்டிக்குத் தும்பிக்கையைக்கூட ஒழுங்காக ஆட்டத் தெரியாது. வாயால்தான் பால் குடிக்கும். யானையின் முலை முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது, குட்டி தும்பிக்கையைத் தூக்கி ஒரு பக்கம் போட்டுவிட்டு வாயை வைக்கும். பிறக்கும்போது 100 கிலோ அளவில் இருக்கும், பிறந்து கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுவிடும், உண்மைதான். ஆனால் நிற்பதும் பிழைப்பதும் ஒன்றா? இரண்டு மூன்று வருடம் பால் குடிக்க வேண்டும். எந்த இலை தின்னலாம், எந்தக் குளத்தில் தண்ணீர் வற்றாது, எந்தப் பாதையில் மனிதர் இல்லை என்பதெல்லாம் தாயோடும் பெரியதுகளோடும் நடந்துதான் பழக வேண்டும். இலை குழை செரிப்பதற்கு வேண்டிய நுண்ணுயிர்கூட அதன் வயிற்றில் பிறக்கும்போது இல்லை, தாயின் லத்தியைத் தின்றுதான் கிடைக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைத் தாயிடமிருந்து பிரித்து நிறுத்திவிட்டு அதற்குப் பிஸ்கற் கொடுக்கிறோம்.

தாயின் பக்கத்தையும் யோசியுங்கள். ஒரு குட்டியைச் சுமப்பதற்கு 18 முதல் 22 மாதம். ஒரு தரத்துக்கு ஒன்றுதான். அடுத்தது வர நான்கைந்து வருடம் ஆகும். அந்த ஒன்றைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், அது கத்துகிறது, புகையும் ஹோனும். எந்தத் தாய் பற்றைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்?

சரி, இதை எழுதினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "அண்ணைக்கு யானைப் பாசம். வயலை இழந்தவனுக்குத்தான் வலி தெரியும். வீட்டில் ஒரு சாவு விழுந்தால் இப்படிப் பேசுவாரா?"

விழுந்தது. என் பெரியப்பா யானை அடித்துத்தான் செத்தார். விடியப்புறம் காவல் கொட்டிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், வாய்க்கால் ஓரம். கூட்டத்தோடு சேராமல் திரிகிற ஆண் யானை, தனியன் ஒன்று. அவருடைய உடம்பைச் சாரத்தில் சுற்றித் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே "உனக்கு என்ன தெரியும்" என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். எனக்கும் குளத்துக்குக் கீழே வயல் இருக்கிறது. நெல்லு கதிர் வெளிவருமுன் வயிறு பருக்கிற குடலைப் பருவத்துக்கு வந்தால் எனக்கும் இரவு நித்திரை இல்லை. யானை வெடியும் ரோச் லைற்றுமாகக் கொட்டிலில் குந்திக்கொண்டிருக்கிற ஆள்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சாவுக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. ஊரில் சிலர் கோபத்தில் பூசணிக்காய்க்குள் வாய்வெடி, அதாவது கடித்தால் வாய்க்குள் வெடிக்கிற வெடி, வைத்துக் காட்டோரத்தில் போட்டார்கள். கேட்டால் பன்றிக்கு என்று சொன்னார்கள். அந்தத் தனியன் அதைத் தொடவும் இல்லை. கடித்தது ஒரு குட்டி. மூன்று வயதுக்குள் இருக்கும். குட்டிகளுக்கு எல்லாவற்றையும் வாயில் போட்டுப் பார்க்கிற வயது அது. கீழ்த்தாடை இல்லை. நாக்குத் தொங்கியது. குளத்துக்குள் இறங்கி நின்றது, காயத்துக்குத் தண்ணீர் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். குடிக்க முடியாது, தின்ன முடியாது, தாயிடம் பால் குடிக்கவும் முடியாது. தாய் பக்கத்திலேயே நின்றது. நாங்கள் குளக்கட்டில் நின்று பார்த்தோம். குட்டி தாயின் முன்னங்காலுக்கு நடுவில் தலையை வைக்கும், பிறகு எடுத்துவிடும். திரும்ப வைக்கும். வாய்வெடி உடனே கொல்லாது. பட்டினி போட்டுத்தான் கொல்லும். வனசீவராசிகள் திணைக்களத்து ஆட்கள் வந்தபோது தாய் கிட்ட விடவில்லை, பிறகு மயக்க ஊசி போட்டும் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. செத்த பிறகும் தாய் அலைகரையை விட்டுப் போகவில்லை. இரவில் அது எழுப்பிய சத்தத்தில் எங்கள் வீட்டு மாடுகள்கூடக் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றன.

என் பெரியப்பாவைக் கொன்றது அந்தக் குட்டியா? அந்தத் தாயா? இல்லை. ஆனால் விலை கொடுத்தது அதுகள்தான். இந்த வீடியோவின் கீழே "சுடு" என்று எழுதுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குளம்தான் ஞாபகம் வருகிறது.

வயலில் இறங்குவதில் ஆண்கள்தான் முன்னுக்கு நிற்கும், தனியாகவோ இரண்டு மூன்று சேர்ந்தோ. குட்டி வைத்திருக்கிற கூட்டம் முடிந்தவரை மனிதனை விட்டு விலகியே போகப் பார்க்கும். வரவே வராது என்று சொல்லவில்லை, காட்டில் தண்ணீரும் தீனியும் குறைந்தால் வரும். ஆனால் "யானை" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

"பெடியன்கள் உதவி செய்யத்தானே போனார்கள்?" என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். உதவி என்றால் வாகனத்தைப் பின்னுக்கு எடுத்து, எஞ்சினை நிறுத்தி, விளக்கைத் தணித்துவிட்டுப் பேசாமல் நிற்பது. அவ்வளவுதான். குட்டி தானாகவே தாயிடம் போயிருக்கும். பிஸ்கற்றும் பசுப்பாலும் அதன் வயிற்றுக்கு ஆகாது. பசுப்பால் கொடுத்தால் வயிற்றோட்டம் வந்து செத்தே போகலாம். உடவளவையில் 1995 முதல் தாயில்லாத குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கு அனுப்புகிற நிலையம் இருக்கிறதே, அங்கே கைக்குழந்தைகளின் பால்மாவைத்தான் கரைத்துக் கொடுக்கிறார்கள், அதுவும் இரவு பகலாக மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அவ்வளவு பாடுபட்டும் சில பிழைப்பதில்லை. தாய் பற்றைக்குள் நிற்கும்போது குட்டியை அநாதை ஆக்குகிற வேலைக்கு உதவி என்று பெயர் வைக்க வேண்டாம்.

அடுத்தது, "இதெல்லாம் தெற்கிலிருந்து லொறியில் கொண்டுவந்து இறக்கிய யானைகள்." இந்தக் கோபம் எனக்கும் உண்டு. தொல்லை கொடுக்கிற யானையைப் பிடித்து வேறு காட்டில் விடுவது அரசாங்கம் நெடுங்காலமாகச் செய்கிற வேலை. கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வே சொல்கிறது, அப்படி விடப்பட்டவை சில பழைய இடத்துக்கே திரும்பின, சில புது ஊர்களில் அலைந்து அங்கேயும் ஆட்களைக் கொன்றன. எங்களிடம் கேட்காமல் எங்கள் காட்டில் எதையும் இறக்கக்கூடாது, இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அப்படிக் கொண்டுபோகப்படுவது பெரும்பாலும் ஆண் யானைகள். குட்டியோடு திரிகிற தாய் இங்கேயே பிறந்தது.

யானை இங்கே நேற்று வந்ததும் இல்லை. வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்ததே யானைதான். ஆனையிறவு வழியாக நடத்திக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் விற்றார்கள், கப்பலில் ஏற்றினார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2008, 2009 இல் போரின் கடைசிக் காலத்தில் நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். பிறகு செட்டிகுளம் முகாமில் முள்கம்பிக்குள் இருந்தோம். திரும்பி வந்தபோது எங்கள் வளவு எது என்று கண்டுபிடிக்கக் கிணற்றைத் தேட வேண்டியிருந்தது. வீடு நின்ற இடத்தில் பற்றை, பற்றைக்குள் லத்தி. ஆளில்லாத அந்த வருடங்களில் அதுகள் எங்கள் தோட்டத்துக்குள் குட்டி ஈன்றன. அப்போது பிறந்த பெண் குட்டிக்கு இன்று பதினைந்து வயதுக்கு மேல், குட்டி ஈனுகிற வயது. அந்த வீதியில் ஓடி வந்தது அதுவாகக்கூட இருக்கலாம். அதற்கு இது யாருடைய காணி என்று யார் காணி உறுதிப் பத்திரம் காட்டினார்கள்? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக ஓடிய சனம் நாங்கள். வழியில் ஆமி மறித்தபோது பிள்ளையின் கை எங்கள் கையிலிருந்து நழுவினால் என்ன செய்வோம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாங்கள் "சுடு" என்று எழுதுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர் எழுதினால் போகட்டும் என்று விட்டுவிடுவேன். ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. யானை வேலி போட்டுவிட்டுப் போனார்கள், கம்பியில் மின்சாரம் இல்லை, புல் ஏறிக் கிடக்கிறது. வயல் அழிவுக்கு நட்டஈடு கேட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள் இன்னும் அலைகிறார்கள். காட்டைத் துண்டு துண்டாக வெட்டி வீதியும் வேலியும் போட்ட பிறகு அதுகள் எந்தப் பக்கத்தால் குளத்துக்குப் போகும் என்று யாரும் கேட்கவில்லை. 2023 இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரே ரயிலில் ஆறு யானைகள் அடிபட்டன. எங்கள் பக்கத் தண்டவாளத்திலும் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள். இதற்கெல்லாம் சிவப்பு எழுத்தில் தலைப்பு வந்ததா?

யானை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பாலைப்பழம் பிடுங்கக் காட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு நிற்கிற கரடியின் கிட்ட எவரும் போவதில்லை. குட்டியோடு நிற்கிற பன்றியும் அப்படித்தான். எங்கள் அப்பாமாருக்கு இது சொல்லாமலே தெரிந்த விசயம். போன் கையில் வந்த பிறகு எப்படி மறந்துபோனது?

ஆகவே தம்பிமாருக்குத் திரும்பவும் சொல்கிறேன். குட்டியைக் கண்டால் தாய் பக்கத்தில் நிற்கிறது என்றே எடுங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். நடுவில் போக வேண்டாம், தொட வேண்டாம், தீனி கொடுக்க வேண்டாம். ஓடித் தப்பலாம் என்று நினைக்கவே வேண்டாம், யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வரும். குட்டி கிணற்றுக்குள் விழுந்து கிடந்தாலோ காயத்தோடு நின்றாலோ வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணுக்கு அழையுங்கள், கூட்டம் சேர்க்க வேண்டாம். மனிதன் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற கதையையும் விடுங்கள், கிணற்றிலிருந்து தூக்கிவிட்ட குட்டிகளைத் தாய் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் சுற்றி நின்றால்தான் சேர்க்க முடியாமல் போகும்.

வெட்டாத வீடியோவை அந்தப் பக்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. போடும்வரை ஒவ்வொரு நாளும் கேட்பேன், நீங்களும் கேளுங்கள். கீழே வந்து "சுடு" என்று எழுதுகிறவர்களுக்கு இன்றிரவு பதில் போட மாட்டேன், காவலுக்குப் போகிறேன்.