கேஸ் வராத வக்கீலா?

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் கூட்டத்தில் நடந்ததை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சட்டம் படித்த ஒரு பிள்ளையின் முதல் கதைத்தொகுப்பு வெளியீடு. வாழ்த்த வந்தவர் மைக்கைப் பிடித்து, "கேஸ் வராத வக்கீல்தான் கதை எழுத உட்காரும்" என்றார். அரங்கமே சிரித்தது. அந்தப் பிள்ளை தலை நிமிரவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நானும் கதை எழுதும் வக்கீல்தான். கேஸ் வராததால் அல்ல நாங்கள் எழுதுவது. கேஸ் வந்ததால்தான் எழுதுகிறோம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாக இருந்தவர். கோர்ட் தீர்ப்புகளை 1862இல் தமிழில் நூலாகக் கொண்டுவந்தவர். 1879இல் தமிழின் முதல் நாவலைத் தந்ததும் அவரே. "அவர் சட்டக் கல்லூரிக்குப் போகவில்லையே" என்கிறார் ஒரு நண்பர். சரி, தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை பி.எல். என்ற சட்டப் படிப்பு படித்தவர்தானே? பக்கத்துத் திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்துவிட்டு 1926இல் தமிழ்ப் பேரகராதி வேலைக்குப் போனாரே, அவருக்கும் கேஸ் வரவில்லையா? வக்கீல் வேறு தொழில் செய்யலாமா என்று கேட்பவர்கள் வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சிலின் விதிகளை ஒருமுறை படியுங்கள், பத்திரிகைக்கு எழுத அதில் தடையில்லை.

குழித்துறையில் ஜூனியராக இருந்தபோது ஒரு ஒற்றி (நில அடமானம்) கேஸ். திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம், மொத்தமும் மலையாளம். அதை வாசிப்பதற்காகவே எழுத்துக்கூட்டிப் படித்தேன். சொத்து விவரத்தில் "அயனி 1, தெங்கு 6" என்று மட்டும் இருந்தது. அயனி ஒரு பலா வகை மரம், தெங்கு என்றால் தென்னை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்த பாட்டி, அந்த அயனியைத் தன் கல்யாண வருஷம் மாமனார் நட்டதென்று வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார். அது கேஸுக்குத் தேவையில்லை, அதனால் எந்த மனுவிலும் வரவில்லை. தீர்ப்புக்கு முன்பே பாட்டி போய்விட்டார். அப்புறம் அந்த மரத்தைக் கதையாக எழுதினேன். வேறு எங்கே கொண்டுபோய் வைப்பேன் அதை?

என் அப்பாவும் கேட்டார், "இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று. விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டி ஃபீஸ் கட்டியவர் அவர், கேட்கலாம். பதில் சொல்ல முடியாமல் அழுதிருக்கிறேன். மேடையில் பேசியவர் அந்தப் பிள்ளைக்கு என்ன கட்டினார்? புத்தகத்தில் ஒரு பக்கமாவது புரட்டினாரா? "தமாஷுக்குச் சொன்னார், விடுங்கள்" என்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த நாற்காலியில் இருந்திருந்தால் விடுவீர்களா?

நேற்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டேன், போனை எடுக்கவில்லை. தங்கச்சி, இதைப் பார்த்தால் திங்கள்கிழமை கோர்ட்டுக்கு வரும்போது உன் புத்தகம் 5 பிரதி எடுத்துட்டு வா. எங்க ஆபீசில் கேட்டிருக்கிறார்கள்.