சிங்க்கை நகர்த்த ஹோஸ் மட்டும் போதாது

சமையலறை சிங்க்கை வேறு இடத்துக்கு நகர்த்த நினைப்பவர்களுக்கு, "ஃப்ளெக்ஸிபிள் ஹோஸை நீட்டிப் பழைய கழிவு நீர் அவுட்லெட்டிலேயே செருகிவிடுங்கள், சரிவெல்லாம் பார்க்க வேண்டாம்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீருக்கு அழுத்தம் இருக்கிறது, எந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டு போகலாம். கழிவு நீர் அப்படியில்லை, சரிவை நம்பித்தான் ஓடுகிறது. பொதுவாக 40க்கு 1 சரிவு வைப்பார்கள். அதாவது 4 மீட்டர் தூரம் நகர்த்தினால் பைப் 10 செ.மீ. இறங்க வேண்டும். பழைய அவுட்லெட்டின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதோடு இந்த 10 செ.மீ.யைக் கூட்டுங்கள். புது சிங்க்கின் ட்ராப்பில் (நாற்றம் மேலே வராமல் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைக்கும் வளைந்த குழாய்) தண்ணீர் வெளியேறும் வாய் அதற்கு மேலே இருந்தால் சரி, இல்லையென்றால் அந்த இடம் ஒத்துவராது. வழியில் வாசற்படி குறுக்கிட்டாலும் அதே கதைதான்.

அந்த ஹோஸின் உள்ளே வரிவரியாக மடிப்பு இருக்கும். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில்தான் போய் உட்காரும். நடுவில் கொஞ்சம் தொய்ந்தால் அங்கேயே தண்ணீர் தேங்கி நாறும். நீள ஓட்டத்துக்கு உள்பக்கம் வழவழப்பான பிவிசி பைப், 50 மி.மீ.யாவது போடுங்கள். திருப்பத்தில் ஒரே 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்ட், பக்கத்தில் திறந்து சுத்தம் செய்ய ஒரு மூடி.

அப்புறம், ட்ராப்பை சிங்க்குக்கு அடியிலேயே வையுங்கள். கப்போர்டு அடிக்கும் முன் சிங்க்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் கையால் தடவிப் பாருங்கள்.