பாண்டி என்றால் பாட்டில் மட்டும்தானா?

வெளியூர்க்காரர் ஒருவர் எங்கள் பாண்டியைக் கேலி செய்த அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். மேடையில் பேசியவர் யார், எந்த நிகழ்ச்சி என்று நான் சொல்லத் தேவையில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அந்தச் சாராயக் கடைங்களை மூடிட்டா பாண்டில அப்புறம் என்ன இருக்கு?" என்று அவர் கேட்டதும் அரங்கமே கைதட்டுகிறது. அவர் கேட்டதைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு வலித்தது. முன்வரிசையில் தட்டியவர்களில் இரண்டு பேர் எங்கள் ஊர்க்காரர்கள்.

என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு வில்லியனூர் பக்கம் வந்து நில்லுங்கள். சேதராப்பட்டுக்கும் திருபுவனைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போகிற கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதில் ஒன்றில் என் தங்கை ஏறுவாள். மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவு, பதினோரு வருஷம். ஓடுகிற அட்டைகளில் ஒரே ஒரு குழி காலியாக வந்தாலும் அவள் கண் பிடித்துவிடும். வளையல் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, நகம் வளர்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவள் தலையில் மல்லிகையைப் பார்க்க முடியும். நீங்கள் காய்ச்சலுக்குப் பிரித்துப் போடுகிற மாத்திரை இப்படிப்பட்ட பெண்களின் கை வழியாக வந்ததாக இருக்கலாம். அவளைப் பார்த்துத்தான் அரங்கம் சிரித்தது. நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

திருபுவனையில் வேர்ல்பூல் வாஷிங் மெஷின் செய்கிறார்கள். ஹைடிசைன் தோல்பைகள் 1978-ல் இங்கேதான் ஆரம்பித்தன. வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கரைக்கு வந்ததும் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலம் கூறுபவர், மீனை வாங்கித் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போகிற அக்கா என்று ஒரு படகை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது தெரியுமா? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வந்து பார்த்தால் தெரியும். காரைக்காலில் துறைமுகம் இருக்கிறது, எண்ணெய் எடுக்கிற ஓ.என்.ஜி.சி. இருக்கிறது, இயற்கை எரிவாயுவில் ஓடுகிற 32.5 மெகாவாட் மின்நிலையம் இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலையிலிருந்து விடிவதற்குள் பஸ் ஏறி வந்து அங்கே சீட்டுக்கு நிற்பவர்கள் "பாண்டியில் என்ன இருக்கிறது" என்று கேட்க மாட்டார்கள்.

நாலு மூலையில் சிதறிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. மாஹே கேரளத்துக்குள், ஏனாம் ஆந்திரத்துக்குள். எல்லாம் சேர்ந்தும் ஐந்நூறு சதுர கிலோமீட்டர் தேறாது. இதில் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உழைத்துச் சாப்பிடுகிறோம். உழைத்து.

உடனே வருவார்கள்: "கலால் வருமானம் இல்லாமல் உங்கள் அரசு ஓடுமா?" ஓடாது. அது பெரிய வருமானம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது அரசுக்கு வருகிற பணம். என் தங்கையின் சம்பளம் அதிலிருந்து வரவில்லை. அரசு கஜானாவும் ஊரின் உழைப்பும் ஒன்றா? தவிர, சனிக்கிழமை ராத்திரி எங்கள் கடற்கரைச் சாலையில் தள்ளாடுகிறவர்கள் எந்த ஊர் நம்பர் பிளேட்டில் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரில் அரசே கடை வைத்து விற்கிறது. அதற்காக உங்கள் ஊரில் வேறு எதுவுமே இல்லை என்று நாங்கள் என்றைக்காவது சொன்னோமா?

"இதெல்லாம் ஜோக், ஏன் இவ்வளவு சூடாகிறாய்?" என்று ஒரு நண்பர் நேற்றே கேட்டுவிட்டார். சரி, அவருக்காக இதைச் சொல்கிறேன்.

என் அப்பா மில் தொழிலாளி. பதிலியாகச் சேர்ந்து, ஆறு வருஷம் கழித்து நிரந்தரம் ஆனவர். சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் மணி தெரியும். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும், அம்மா முந்தானையால் துடைத்துவிடுவார். தறிச் சத்தத்தில் அவருக்கு இரண்டு காதும் போய்விட்டது. நாலு வருஷம் முன்னால் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "பாண்டியா? வெறுங்கையோட வந்துட்டீங்களே, ரெண்டு பாட்டில் கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்றார். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடவே சிரித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "என்னடா சொல்றாரு?" என்றார். "ஊரைப் பத்தி விசாரிக்கிறாருப்பா" என்றேன். "நல்ல ஊருன்னு சொல்லு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மில்கள் என்ன ஆயின? 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில், 2011 டிசம்பரில் வந்த தானே புயலுக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். கொரோனா ஊரடங்கு நேரம், ஒரு தொழிலாளி வாசலில் வந்து நின்று அழக்கூட வழி இல்லை. சுதேசி, பாரதி மில்களும் போயின. வரிச்சலுகை இருந்த காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினால் பெட்டியில் பாண்டிச்சேரி முகவரி இருக்கும். எச்.சி.எல்., விப்ரோ எல்லாம் இங்கே பாகங்களைப் பூட்டி அனுப்பினார்கள். சலுகை போனது, அவர்களும் போனார்கள். மாநில அந்தஸ்து வேண்டும் என்று சட்டசபையில் எத்தனை தீர்மானம்! தொழிற்சாலை ஒவ்வொன்றாக மூட மூட, பாட்டில் வருமானத்தின் மேல் சாய்ந்துகொண்டது எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியும்தான். வெளியூர்க்காரர் பேசியதற்குக் கொதிக்கிற நாம், நம் ஊர் ஆட்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டோமா? மில் இருந்த திடலில் பொருட்காட்சி போட்டால் குடும்பத்தோடு போய் அப்பளம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். நானும் போயிருக்கிறேன். அப்பா ஒரு தடவைகூட உள்ளே வரவில்லை.

1936 ஜூலை 30. கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் மில்லுக்குள் உட்கார்ந்து போராடியவர்களை பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு பேர் செத்தார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. உங்கள் அலுவலகத்தில் எட்டு மணி நேரம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறீர்களே, அந்த உரிமைக்காக ரத்தம் சிந்திய ஊர்களில் இதுவும் ஒன்று.

கைதட்டிய அந்த இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். உங்கள் இருவர் வீட்டிலும் மில்லுக்குப் போனவர்கள் உண்டு, ஒருவர் என் அப்பாவோடு ஒரே ஷிப்ட். வருகிற ஜூலை 30 காலை அப்பாவைக் கூட்டிக்கொண்டு தியாகிகளுக்கு மாலை போடப் போகிறேன். நீங்களும் வாருங்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும் என்று அப்பா கேட்பார். கொஞ்சம் உரக்கப் பதில் சொல்லுங்கள், அவருக்குக் காது கேட்காது.