சேட்டை இல்லைங்க, அது அதோட பொழப்பு

நேத்து காலையில கேரட்டுக்குத் தண்ணி கட்டிட்டு நிக்கிறேன், போன். "அக்கா, உங்களுக்கு நாய்னா உசுருன்னு சொன்னாங்க. எங்ககிட்ட ஒரு ஜாக் ரஸ்ஸல் இருக்கு, எட்டு மாசம், நல்ல ஜாதி. நீங்க வச்சுக்கறீங்களா?" ஏம்மா குடுக்கறீங்கன்னு கேட்டேன். "ரொம்ப சேட்டைக்கா, பிள்ளையைக் கடிக்குது. தாங்க முடியல."

இந்த ஜூன்ல மட்டும் இது மூணாவது போன். வருஷா வருஷம் இதே கதைதான். டிசம்பர்ல பிள்ளை பொறந்தநாளுக்குன்னு கையளவு குட்டியை அட்டைப்பெட்டியில வச்சு கோயம்புத்தூர்ல இருந்து தூக்கிட்டு வருவாங்க. ஏப்ரல், மே லீவு பூரா பிள்ளைங்க அதோட உருளும். ஜூன்ல ஸ்கூல் திறக்கும், சாரல் பிடிக்கும், எல்லாரும் காலையில கதவைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவாங்க. உள்ள தனியா கிடக்குற நாய் சோபாவைக் கிழிக்கும், கதவைப் பிராண்டும், நாள் பூரா குரைக்கும். அடுத்து சங்கிலி. அதுக்கடுத்து எனக்குப் போன்.

சேட்டைன்னு சொல்றதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. வாங்கறதுக்கு முன்னாடி அந்த நாய் எதுக்காக உண்டாச்சுன்னு ஒரு நிமிஷம் கேட்டிருந்தா அந்த வார்த்தை வாயில வருமா? பின்னாடி இங்கிலாந்துல டெவன்ல பாதிரியாரா இருந்த ஜான் ரஸ்ஸல், 1819ல ஒரு பால்காரர்கிட்ட வாங்கின பெட்டை நாயில ஆரம்பிச்ச வம்சம் அது. நம்ம ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில வெள்ளைக்காரங்க குதிரையேறி வேட்டைநாய்க் கூட்டத்தோட நரி விரட்டினாங்களே, அந்த மாதிரி வேட்டைக்காக வளர்த்தது. பெரிய நாய்ங்க மேல ஓடும். நரி வளைக்குள்ள பூந்துட்டா இந்தச் சின்ன நாய்தான் பின்னாடியே உள்ள போகணும். இருட்டுல மண்ணைத் தோண்டிக்கிட்டே போய், நரியை மடக்கி, மேல இருக்கறவங்களுக்கு எந்த இடம்னு தெரியற மாதிரி குரைச்சுக்கிட்டே இருக்கணும். தோண்டறது, விடாம குரைக்கிறது, ஓடறதைத் துரத்தறது, யார் சொல்லையும் எதிர்பார்க்காம தானா முடிவெடுக்கிறது, இந்த நாலுக்காகவே தலைமுறை தலைமுறையா பொறுக்கியெடுத்த நாய். அதைக் கொண்டுவந்து ரெண்டு பெட்ரூம் வீட்டுல அடைச்சு வச்சுட்டு, ஏன் தோண்டுது, ஏன் குரைக்குதுன்னு என்கிட்ட கேக்கறாங்க.

ஒரு அடி உயரம், ஆறு கிலோ எடை. "சின்ன நாய்தானே, வீட்டுக்குள்ளயே இருந்துக்கும்"னு விக்கிறவன் சொல்லுவான், வாங்கறவங்களும் நம்புவாங்க. உருவத்துக்கும் ஓட்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்? ஒரு நாட்டு நாய் வெயில் காய்ஞ்சுட்டுப் படுத்திருக்கிற நேரத்துல இது தோட்டத்தை இருபது சுத்து சுத்திட்டு, "அடுத்து என்ன?"ன்னு வந்து நிக்கும்.

எங்க ஜாக் ரஸ்ஸல் சுண்டு மூணு வருஷம் முன்னாடி வந்தான், அப்போ ரெண்டு வயசு. எங்க வீடு அவனுக்கு மூணாவது வீடு. கழுத்தைச் சுத்தி விரல் அகலத்துக்கு முடியே இல்ல, தோல் கறுத்துக் காய்ச்சுப் போயிருந்துச்சு. சங்கிலியைக் கழட்டி முற்றத்துல விட்டேன். ஓடினான். நாலடி தூரம் ஓடி, யாரோ இழுத்த மாதிரி டக்குனு நின்னான். திரும்பி வந்தான், மறுபடி ஓடினான், அதே நாலடியில நின்னான். கழுத்துல ஒண்ணுமே இல்லைங்க! கிட்டத்தட்ட மூணு வாரம் அந்த நாலடி வட்டத்தைத் தாண்டவே இல்ல அவன். ஒரு நாள் பக்கத்து வரப்புல ஒரு எலி ஓடுச்சு. அப்பதான் தாண்டினான். அன்னைக்கு ரெண்டு பாத்தி கேரட்டை வேரோட கிளறிப் போட்டான், மூக்குல இருந்து வால் வரைக்கும் செம்மண். வீட்டுக்காரர் தலையில கை வச்சுட்டாரு. நான் வரப்புல உக்காந்து அழுதேன், சந்தோஷத்துல.

அதனால இந்த நாய் வேணும்னு நினைக்கிறவங்க தெரிஞ்சுக்கங்க. விடிஞ்சதும் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடையும் ஓட்டமும் கட்டாயம். சாரல் அடிச்சாலும் போகணும், வந்ததும் துண்டால காது, வயிறு, கால் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துவட்டணும். டிசம்பர், ஜனவரியில புல் மேல உறைபனி வெள்ளையா கிடக்கும்போது குட்டை முடி நாய் வெடவெடன்னு நடுங்கும், ஸ்வெட்டர் போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும். ரோட்டுல லீஷ் கயிறு இல்லாம விடவே கூடாது. முன்னாடி காட்டெருமை நின்னாலும் இது பின்வாங்காது, பாஞ்சு போய்க் குரைக்கும். நடை மட்டும் போதாது, மூளைக்கும் வேலை குடுக்கணும். நான் தீனியைத் தட்டுல வைக்கறதில்ல, பழைய சாக்குல சுருட்டி ஒளிச்சு வச்சுடுவேன், மோந்து மோந்து தேடி எடுத்துத் தின்னுட்டுத்தான் தூங்குவான். தோண்டறதுக்குன்னு தோட்டத்துல ஒரு மூலையே அவனுக்கு ஒதுக்கிட்டோம். தடுப்பூசி, பூச்சி மருந்து, டாக்டர் செலவு எல்லா நாய்க்கும் உள்ளதுதான். ஆனா இது பதிமூணு, பதினாலு வருஷம் இருக்கிற நாய். இன்னைக்கு எல்.கே.ஜி. போற பிள்ளை காலேஜ் சேர்ற வரைக்கும் இதே நடை, இதே தேடல்.

"வேலை முடிஞ்சு வரவே ஏழு மணி ஆகுதுக்கா, அதுக்கப்புறம் எங்க நடக்கறது, சிறுத்தை வருமே"ன்னாங்க நேத்து போன் பண்ணின அந்தம்மா. வரும்தான், எங்க ஊரு கேத்தி பாலாடா பக்கமே வருது. நான் ஆறு மணிக்குள்ள சுண்டுவை உள்ள போட்டுக் கதவைச் சாத்திடுவேன். சரி, ராத்திரி உங்க நாய் எங்க படுக்குதுன்னு கேட்டேன். "போர்டிகோவுல கட்டியிருக்கோம்." எனக்கு வாயடைச்சுப் போச்சு. சிறுத்தைக்குப் பயந்து நீங்க கேட்டைத் தாண்ட மாட்டீங்க, ஆறு கிலோ நாயைச் சங்கிலியில கட்டி அதே சிறுத்தை முன்னாடி வைப்பீங்களா? கட்டாத நாய்னா ஓடி ஒளியவாவது பார்க்கும். கட்டின நாய் எங்க போகும்? போன வருஷம் எங்க தெருவுல ஒரு வீட்டுல காலையில சங்கிலியும் பெல்ட்டும்தான் கிடந்துச்சு. "பாவம், விதி"ன்னாங்க. அடுத்த மாசமே இன்னொரு குட்டி வாங்கிட்டாங்க.

சட்டம் இல்லாம இல்ல. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல, 11ஆம் பிரிவுல, வழக்கமா கட்டியே போடற நாயை நியாயமான அளவுக்கு நடக்க ஓட விடாம இருக்கறதே குற்றம்னு எழுதியிருக்கு. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய். அந்தக் காசெல்லாம் ஒரு பொருட்டா? குட்டியை எட்டு வாரம் ஆகாம விக்கக்கூடாதுன்னு 2017ல விதி வந்தாச்சு. இந்த நாயைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சப்ப எத்தனை நாள்னு அந்தம்மாகிட்ட கேட்டேன். "முப்பத்தஞ்சு நாள்க்கா, அப்ப எவ்வளவு க்யூட்டா இருந்துச்சு தெரியுமா!" கடிக்கிற பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுது. எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு அம்மாவும் கூடப்பொறந்ததுங்களும் சொல்லிக் குடுக்கிற வாரங்கள் அதுங்க. அதைப் பறிச்சுட்டாங்க, இப்ப "பிள்ளையைக் கடிக்குது"ன்னு அதுக்கு ஒரு பழி.

வீட்டோட கிடக்கிற துணைதான் வேணும்னா, வயசான நாட்டு நாய் ஒண்ணைத் தத்தெடுங்க. குளிருக்கும் பழகினது, உங்க காலடியிலயே கிடக்கும். போட்டோவுக்கு அழகா இருக்குன்னு ஓட்டக்காரனைக் கொண்டுவந்து கட்டிப் போடாதீங்க.

எங்க வீட்டுல ரெண்டாவது ஜாக் ரஸ்ஸலுக்கு இடமில்ல, சுண்டு இன்னொரு நாயைச் சேர்க்க மாட்டான். அதைச் சொன்னேன். அந்தம்மா, "அப்ப எங்கயாவது எஸ்டேட் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாமாக்கா?"ன்னு சாதாரணமா கேட்டாங்க. நெஞ்சு அடைச்சுக்கிச்சு. விடாதீங்க, சனிக்கிழமை நானே வர்றேன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் ராத்திரியில உள்ள படுக்க வைங்கன்னு மூணு தடவை சொல்லியிருக்கேன்.

நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும் பின்கட்டு ரூம்ல தனியா வச்சுக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. பழைய கம்பளி எடுத்து வச்சாச்சு, மார்புல மாட்டுற ஹார்னஸ் பட்டையும் வாங்கியாச்சு. சங்கிலியை அந்த போர்டிகோவுலயே கழட்டிப் போட்டுட்டுத்தான் வருவேன்.