தீக்குச்சி இல்லாமலும் எண்ணெய்த் துணி பற்றும்

ஏற்காட்டில் பலர் சேர்ந்து வரையும் ஓவியக் கூடத்தைப் பற்றிய பேச்சில், 'பக்கத்தில் நெருப்பு இல்லையென்றால் எண்ணெய்த் துணியை மூலையில் குவித்தாலும் ஒன்றும் ஆகாது, மலைக்குளிரில் எதுவும் பற்றாது' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

பிரஷ் துடைத்த துணியில் ஒட்டியிருக்கும், எண்ணெய் வண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. விரித்துப் போட்ட துணியில் அந்த வெப்பம் கலைந்துவிடும். கசக்கிக் குவித்தால் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் புகைந்து, தானாகவே பற்றிக்கொள்ளும். 1991-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடிக் கட்டடத்தில் தீ பரவி மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தொடக்கம் இப்படி விட்டுச்சென்ற எண்ணெய்த் துணிகள்தான். அது பிப்ரவரி மாதம், அங்கே குளிர்காலம். சேலத்துச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, துணியை முழுவதும் மூழ்கவைத்து மூடுங்கள். பொது இடத்தில் இது இன்னும் அவசியம். மதியம் குப்பைக்கூடைக்குள் யார் எதைப் போட்டார் என்பது இரவு பூட்டுகிறவருக்குத் தெரியாது.

வண்ணத்தை இளக்கவும் பிரஷ் கழுவவும் பயன்படுத்தும் தின்னர் மணமில்லாதது என்றால் ஆவியே இல்லை என்பதும் சரியல்ல. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தங்கும். பனிக்காக ஜன்னலை அடைத்து ஹீட்டர் போடாதீர்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களையாவது திறந்துவைத்து, ஸ்வெட்டர் அணிந்துகொண்டு வரையுங்கள்.