பட்டா மட்டும் போதாது

சேலத்தில் மனை விற்பனை மறுபடி எழுந்துவிட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் 2016-ல் அது ஏன் படுத்தது என்றும் அதில் சொல்லியிருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிய செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் பணமதிப்பிழப்பு. எங்கள் தெருக்காரர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கென்று அயோத்தியாப்பட்டணம் பக்கம் வாங்கிப்போட்ட மனையை விற்க முடியாமல் தவித்தார். எல்லைக்கல்லே தெரியாதபடி சீமைக்கருவேலம் மூடிவிட்டது. அப்படிப்பட்ட மனைகளுக்கு அங்கீகாரம் தரும் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

தரகர் "பட்டா இருக்கு சார்" என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள், முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்புறம் பதிவுச் செலவு: முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மனை மதிப்பு பத்து லட்சத்துக்குள் என்றால் வீட்டுப் பெண்கள் பெயரில் பதியுங்கள், பதிவுக் கட்டணம் 2-லிருந்து 1 சதவீதமாகக் குறையும்.